கொள்ளிடக்கரைக் கல்லூரியின் பதினோரு ஜோடி பூட்ஸ்

அளவு சரியாக இருந்தது. அந்த அளவுக்குத் தைத்த பூட்ஸும் சரியாக இருந்தது. ஆனால் இருபது நிமிடம் ஓடினால் கால் புண்ணாகியது. இது எப்படி என்று நல்லுசாமிக்கு விளங்கவில்லை.

அவர் கொள்ளிடக்கரைக் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியர். அந்தத் திங்கட்கிழமை மாலை மைதானத்து ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு வலது கால் பூட்ஸைக் கவிழ்த்து, அதன் அடியில் காகித அச்சைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். காகித அச்சு என்பது ஆட்டக்காரனின் காலைத் தாளில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, கோட்டோடு கத்தரித்தது. குதிகால் பொருந்தியது. நடுப்பாதம் பொருந்தியது. விரல் பக்கமும் பொருந்தியது. ஒரு நூல் அளவுகூட வித்தியாசம் இல்லை.

பூட்ஸுக்குச் சொந்தக்காரன் வீரமலை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஜீயபுரத்து வயல்காட்டிலிருந்து வந்தவன், அணியின் நடு ஆட்டக்காரன். அவன் சுண்டுவிரலுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது.

"எப்படா கடிக்க ஆரம்பிச்சுது?"

"கடிக்கலீங்க சார்."

"ரத்தம் வருது, கடிக்கலைங்கிற."

"போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஓடினப்புறம் கொஞ்சம்..."

"அவன் பூட்ஸைப் பத்திக் குறை சொல்ல மாட்டான் சார்," என்றான் கோல்கீப்பரும் கேப்டனுமான பரக்கத் அலி. "விடுதியில தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குறான். இன்னும் ஒரு மாசம் போனா பேர் வச்சிருவான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நல்லுசாமி சிரிக்கவில்லை. பதினோரு பேரில் ஏழு பேர் அதே மாதிரி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை ஆட்டம். நடுவில் நான்கு நாள்தான் இருந்தது.

ஏன் இவ்வளவு பயம் என்றால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1949இல் கொள்ளிடக்கரையில் முள்ளை வெட்டி, மேட்டைச் சமன் செய்து அந்த மைதானத்தை உண்டாக்கியவர் நல்லுசாமிதான். பாதி மண், பாதி ஆற்று மணல். வேறு கல்லூரிக்காரர்கள் வந்தால் பூட்ஸ் மணலில் புதைந்து திணறுவார்கள். இவருடைய பையன்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். வெறுங்கால் மணலில் பதியும்போது விரல்கள் ஐந்தும் விரிந்து மண்ணைப் பிடிக்கும். பிடித்த இடத்திலேயே உடம்பைத் திருப்பலாம். பந்து எந்த விரலில் படுகிறது என்பதும் தெரியும். கணுக்காலில் ஒரு துணிப்பட்டி சுற்றிக்கொண்டு அந்த அணி 1952, 53, 54 ஆகிய மூன்று வருடமும் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துக் கோப்பையை வாங்கியது. கோப்பையை மாட்டுவண்டியில் வைத்து ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஊர்வலம் விட்டார்கள்.

1955 ஜூனில் போட்டிக் குழுவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி வெறுங்காலோடு யாரும் ஆடக் கூடாது. பூட்ஸைக் கழற்றுபவன் வெளியேற வேண்டும்.

அந்தக் காலத்து விதியில் ஒருவன் வெளியே வந்தால் அவனுக்குப் பதிலாக இன்னொருவனை இறக்க முடியாது. அந்த இடம் காலியாகவே இருக்கும். முதல் வருடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள். இரண்டாம் வருடம் வலி பொறுக்காமல் மூன்று பேர் நடு ஆட்டத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டார்கள். எட்டுப் பேராக நின்று ஏழு கோல் வாங்கினார்கள். பார்க்க வந்திருந்த வெளியூர்ப் பையன்கள், "மாட்டுக்கு லாடம் அடிச்சுக் கூட்டிட்டு வாங்கடா!" என்று கத்தினார்கள்.

அந்த ஆட்டத்தை முதல்வர் தேசிகாச்சாரியாரும் பார்த்தார். மறுநாள் நல்லுசாமியை அறைக்கு அழைத்தார்.

"உட்காருங்கோ. நேக்கு ஆட்டம் தெரியாது. ஜெயிக்கணும்னு நான் கேட்கலை. ஆனா பதினோரு பேரை அனுப்பினா பதினோரு பேர் கடைசி வரைக்கும் நிக்க வேண்டாமோ? குழந்தைகள் காலெல்லாம் ரத்தம். அதைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. அடுத்த வருஷம் ஒருத்தன் பூட்ஸைக் கழட்டிண்டு வெளியே வந்தாலும், புட்பாலை நிறுத்திடலாம். ரசாயனக் கூடம் கட்ட இடம் தேடிண்டிருக்கோம். மைதானம் தோதா இருக்கு."

மிரட்டலாகச் சொல்லவில்லை. மிரட்டியிருந்தால் நல்லுசாமி எதிர்த்துப் பேசியிருப்பார். நியாயமாகச் சொன்னதால் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்யாதது இல்லை. முதலில் சென்னையிலிருந்து வந்த ஆயத்த பூட்ஸைக் கைவிட்டார். அது நம்பர் கணக்கில் வருவது. நீளம் சரியாக இருந்தால் அகலம் போதாது. பாலக்கரையில் தங்கையனைப் பிடித்தார். யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு பூட்ஸ் தைத்த கை அது. ஒவ்வொரு பையனின் காலையும் கல்லூரியிலேயே தாளில் வரைந்து அனுப்பினார். தங்கையன் தைத்துக் கொடுத்தார். பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து போட்டுப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றார்கள். ஓடினார்கள், புண்ணானது. இரண்டு காலுறை போட்டார்கள், இன்னும் இறுகியது. விளக்கெண்ணெய் தடவி ஊற வைத்தார்கள், தோல் இளகியது, புண் ஆறவில்லை. பெரியண்ணன் என்ற பையனுக்கு மட்டும் இன்னொரு ஜோடியை எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூட்டித் தைத்துப் பார்த்தார்கள். அது உள்ளே வழுக்கிக் குதிகாலைத் தேய்த்தது. அதாவது, பெரிதாக்கினால் மட்டும் போதாது. எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அந்த அளவைத்தான் தாள் காட்ட வேண்டும். தாளோ எல்லாம் சரி என்றது.

செவ்வாய்க்கிழமை காலை நல்லுசாமி பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போனார். தங்கையன் அச்சை வாங்கி, பூட்ஸின் அடியில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீங்களே பாருங்க மாஸ்டர். கோட்டுக்கு உள்ள ஒரு மயிரிழை வந்திருக்கா? வந்திருந்தா இந்தக் கத்தியை நான் தொடலை."

"உங்களைக் குத்தம் சொல்லலை தங்கையண்ணே."

"குத்தம் சொல்லாமதான் நாலாவது தடவை வந்திருக்கீங்க."

உள்ளே மேல்தோலுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி செல்வமேரி தலையைத் தூக்காமல் சொன்னார். "பட்டாளத்துக்கே தச்சேன், பட்டாளத்துக்கே தச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. பதினோரு பசங்க கிட்ட மாட்டிக்கிட்டாரு."

"பட்டாளத்துல எப்படி அளவு எடுத்தீங்க?" என்று கேட்டார் நல்லுசாமி.

"நான் எங்க எடுத்தேன்? நம்பர் எழுதிச் சீட்டு வரும். அந்த நம்பர் கட்டையில ஏத்தித் தைப்பேன். காலையே பார்த்ததில்ல."

கட்டை என்றால் காலின் வடிவத்தில் செதுக்கிய மரம். அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்துத்தான் பூட்ஸ் உருவாகிறது. நல்லுசாமி அந்தக் கட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதிலும் ஒரு தப்பும் தெரியவில்லை. திரும்பும்போது பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் கரை முட்டிப் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை மாலை. பயிற்சி முடிந்து பையன்கள் குழாயடியில் கால் கழுவிவிட்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நடந்து வந்தார்கள். சிமென்ட் தரையில் ஈரக் கால் தடங்கள் வரிசையாக விழுந்தன. அதில் ஒன்றின் பக்கத்தில் நல்லுசாமி நின்றிருந்தார். கையில் வீரமலையின் காகித அச்சு இருந்தது. வேறு எதற்காகவும் இல்லை, மூன்று நாளாக அதைக் கீழே வைக்க மனமில்லாமல் வைத்திருந்தார்.

"இது யார் தடம்?"

"என்னோடதுங்க சார்," என்றான் வீரமலை. ஏதோ தப்பு செய்துவிட்டவன் மாதிரி துடைக்க ஓடி வந்தான்.

"தொடாத!"

அச்சைத் தடத்தின்மேல் வைத்தார். குதிகால் மூடியது. விரல் பக்கம் மூடவில்லை. கட்டைவிரல் ஓரத்திலும் சுண்டுவிரல் ஓரத்திலும் ஈரம் தாளுக்கு வெளியே தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடம் காய்ந்து மறைந்தது. மறுபடி காலை நனைத்து மிதிக்கச் சொல்லி, மறைவதற்குள் சாக்கட்டியால் சுற்றி வரைந்தார். அடிக்கோலால் அளந்தார். தாளைவிடத் தரையில் கிட்டத்தட்ட அரை அங்குலம் அகலம் கூடியிருந்தது.

தாள்தான் பழையது, கால் வளர்ந்துவிட்டதோ என்று நினைத்தார். புதுத் தாள் ஒன்றை விரித்து, "இதுல நில்லு," என்றார். வீரமலை நின்றான். வரைந்தார். கத்தரித்தார். பழைய அச்சுக்கும் புதிய அச்சுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஒரே கால். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு அளவு.

"மறுபடி நில்லு."

இந்த முறை அவர் பென்சிலைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தார். தாளில் இருந்த வலது காலில் கெண்டைச்சதை தளர்ந்திருந்தது. தரையில் இருந்த இடது காலில் அது கல்லாக இறுகியிருந்தது. நல்லுசாமி தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். நூற்று நாற்பது பவுண்டுக்கு மேல் கனமுள்ள ஆளின் காலடியிலிருந்து அந்தத் தாள் தலையணைக்கு அடியிலிருந்து உருவுவது போல வழுக்கிக்கொண்டு வந்தது.

வீரமலை சட்டென்று குனிந்து தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஏண்டா மிதிக்கல?"

"மிதிச்சேனே சார்."

"மிதிச்சா தாள் எப்படி வரும்?"

அவன் விழித்தான். "அது... எழுதின தாளுங்களே."

நல்லுசாமி தாளைத் திருப்பினார். போன வருடத்து அரையாண்டுத் தேர்வு விடைத்தாள். வீணாகக் கிடக்கிறதே என்று அலுவலகத்தில் கட்டுக் கட்டாக அவர்தான் வாங்கி வைத்திருந்தார். அளவெல்லாம் அதன் பின்பக்கத்தில்தான் எடுத்தது.

"வெள்ளைத் தாள் கொண்டாங்கடா."

வெள்ளைத் தாளில் நிற்க வைத்தார். கொஞ்சம் அழுத்தினான். இழுத்தால் அதுவும் வந்தது.

"இவன் மட்டுமில்ல சார்," என்றான் பரக்கத் அலி. "எங்க வீட்லயும் தாள்ல கால் பட்டா அத்தா தோலை உரிச்சிருவாரு. நானும் அழுத்தியிருக்க மாட்டேன். ஆனா அழுத்தலைன்னு எனக்கே தெரியாது."

நல்லுசாமி அவனை நம்பவில்லை. எப்படித் தெரியாமல் இருக்கும்? செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு தாளைப் போட்டு, அதன்மேல் தானே நின்றார். முழுக் கனத்தையும் கொடுத்தேன் என்றுதான் நினைத்தார். "இழுடா," என்றார். பரக்கத் அலி இழுத்தான். தாள் வந்துவிட்டது. விஷயம் தெரிந்த பிறகும், பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற பிறகும், காலே தானாக இடம் விட்டது. கை ஒரு பக்கம் கண்ணுக்குப் போகப் பார்த்தது.

சிக்கல் அங்கேதான் இருந்தது. பாதம் ஒரு வில். சும்மா இருக்கும்போது நடுவில் வளைந்து, முன்னால் குறுகி இருக்கும். உடம்பின் கனம் இறங்கினால் வில் தட்டையாகும். விரல் எலும்புகள் விசிறி போலப் பிரியும். சின்ன வயதிலிருந்து செருப்பு போட்ட காலில் அந்த விரிவு குறைவு. சேற்றிலும் வரப்பிலும் வளர்ந்த காலில் அதிகம். வெறுங்காலோடு ஆடியபோது அவர்களைக் கோப்பை வாங்க வைத்ததும் அந்த விரிவுதான். இவர்கள் தாளில் வைத்தது சும்மா இருக்கும் பாதம். பூட்ஸுக்குள் ஓடியது விரிந்த பாதம். அரை அங்குலம் எங்கே போகும்? தோலைத் தேய்த்தது.

தெரிந்ததும் நிம்மதி வரவில்லை. பயம்தான் கூடியது. இரண்டரை நாளில் பதினோரு ஜோடி தைக்க யாராலும் ஆகாது.

ரசாயனப் பொருள்கள் வந்த பெட்டிகளை உடைத்துப் பலகைகளை எடுத்தார்கள். பலகையை மிதிக்க யாருக்கும் தயக்கம் இல்லை. மைதானத்தை நான்கு சுற்று ஓடி, கால் சூடேறி வந்ததும், ஒவ்வொருவரையும் பலகைமேல் ஒற்றைக் காலில் நிறுத்தி வரைந்தார். இருபத்திரண்டு கால். பலகைகளை மூட்டையாகக் கட்டி, அவரும் பரக்கத் அலியும் இருட்டுவதற்குள் பாலக்கரையில் இறங்கினார்கள்.

தங்கையன் பலகையின்மேல் பழைய அச்சை வைத்துப் பார்த்தார். அச்சுக்கு வெளியே நீண்ட ஓரத்தை விரலால் தடவினார்.

"அப்ப என் கோடு சரி. உங்க கோடுதான் தப்பு."

"என் கோடுதான் தப்புண்ணே."

"இதை நாலு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா, இவளோட பேச்சை நான் கேட்டிருக்க வேண்டியதில்ல."

"ஆகுமா, ஆகாதா? அதைச் சொல்லுங்க."

ஆகும் என்றார் தங்கையன். சட்டை தைப்பவர் ஓரத்தில் துணி மடித்து விட்டு வைப்பதைப் போல, பூட்ஸ் தைப்பவரும் மேல்தோலின் ஓரத்தை அடித்தோலுக்கு உள்பக்கமாக அரை அங்குலம் மடித்து வைத்துத்தான் தைக்கிறார். முன்பாதத்தில் மட்டும் தையலைப் பிரித்து, அந்த மடிப்பில் பாதியை வெளியே விடலாம். கட்டையின் இரண்டு பக்கமும் தோல் துண்டு அறைந்து, பலகைக் கோட்டுக்கு வரும்வரை பருமனாக்க வேண்டும். மேல்தோலை நனைத்து அதன்மேல் இழுத்துப் பிடித்து, அகலமான அடித்தோல் வைத்து மறுபடி தைக்க வேண்டும். குதிகாலைத் தொட வேண்டாம்.

"ஆனா காயணும். கட்டையிலேயே காயணும். ஈரத்தோட கழட்டினா பழையபடி சுருங்கிரும்."

"அடுப்புச் சூட்டுல காட்டலாமா?"

"காட்டலாம். ஆட்டத்துல வெடிச்சா நீங்கதான் தைக்கணும்."

வியாழக்கிழமை மாலை மழை கொட்டியது. நல்லுசாமி கல்லூரி வராந்தாவில் நின்று, பாலக்கரையிலும் பெய்யுமா என்று தெற்கே வானத்தைப் பார்த்தார். பெய்தது. வெள்ளிக்கிழமை போனபோது தங்கையன் வீட்டுக்குள் பூட்ஸ்களைக் கட்டையோடு கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். செல்வமேரி உலர்ந்த உமியைத் துணியில் கட்டி ஒவ்வொன்றின்மேலும் ஒற்றி ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். நல்லுசாமி ஒன்றைத் தொட்டார். குளிர்ச்சியாக இருந்தது.

"தொட்டுத் தொட்டுப் பார்த்தா காயாது சார்," என்றார் செல்வமேரி. "போய்ட்டு நாளைக்கு மத்தியானம் வாங்க."

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கட்டையிலிருந்து கழற்றினார்கள். போட்டுப் பார்க்கத்தான் நேரம் இருந்தது, ஓடிப் பார்க்க நேரம் இல்லை. நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதல்வர் அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நல்லுசாமி பந்தைப் பார்க்கவே இல்லை. கால்களைப் பார்த்தார். பத்து நிமிடம். பதினைந்து. இருபதாவது நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. அது அவருக்குச் சரியாகக் காதில்கூட விழவில்லை. வழக்கமாக வீரமலை இருபது நிமிடத்தில் வலது காலின் வெளிப்பக்கத்தைத் தூக்கி ஓட ஆரம்பிப்பான். இன்று பாதம் முழுதாக விழுந்தது. இடைவேளையில் யாரும் பூட்ஸைக் கழற்றவில்லை. கழற்றிப் பார்க்கலாமா என்று ஒருவன் கேட்டதற்கு பரக்கத் அலி, "நல்லா இருக்குறதை எதுக்குடா நோண்டுற?" என்றான்.

இரண்டாம் பாதியில் வீரமலை திடீரென்று நின்று, மணலில் வலது காலைத் திருப்பி, சுழன்று, இடதுபக்கம் பந்தைத் தள்ளினான். பெரியண்ணன் அதைக் கோலுக்குள் அடித்தான். மூன்று வருடத்தில் கல்லூரி போட்ட முதல் கோல். பிறகு எதிரணி இன்னொன்று போட்டு, இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது.

ஊதல் அடித்தபோது முதல்வர் எழுந்து விரலை நீட்டி எண்ணினார். இரண்டு முறை எண்ணினார்.

"பதினொண்ணு," என்றார். "எல்லார் கால்லயும் பூட்ஸ் இருக்கு. ரசாயனக் கூடத்துக்கு நூலகத்துப் பின்னாடி பார்க்கச் சொல்றேன். அது சரி, என்ன பண்ணினேள்?"

நல்லுசாமி சொன்னார். தாளை மிதிப்பது என்ற இடம் வந்ததும் தேசிகாச்சாரியார், "அபசாரம், மிதிக்கப்படாது," என்றார். பிறகு சிறிது யோசித்து, "அப்போ அடுத்த வருஷம் வரப்போற குழந்தைகளுக்கு எப்படி அளவு எடுக்கணுமோ, அதை எழுதி வச்சுடுங்கோ. நீங்க இல்லாத நாள்ல யாராவது மறுபடி விடைத்தாளைத் தூக்கிண்டு வருவா," என்றார்.

அன்று மாலையே நல்லுசாமி கால்பந்துக் குறிப்பேட்டில் எழுதினார்:

கால் அளவுக்குத் தாள் கூடாது, வெள்ளைத் தாளும் கூடாது. இழைத்த பலகை வைக்க வேண்டும். பையனை முதலில் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். பிறகு பலகையில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், மற்றக் கால் தரையில் படக் கூடாது. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைய வேண்டும். இரண்டு காலையும் தனித்தனியாக வரைய வேண்டும். பலகையையே பூட்ஸ் தைப்பவரிடம் கொடுக்க வேண்டும்.